குப்பை வண்டி திரும்பும் இடம்

திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு மறுசுழற்சித் தொட்டியை அள்ளாமல் விட்டு, கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பீங்கான் போடக் கூடாதாம். விருத்தாசலத்திலிருந்து சுமந்து வந்த ஊறுகாய் ஜாடி உடைந்துபோக, அதைக் கண்ணாடி பாட்டில்களோடு நான்தான் போட்டிருந்தேன். செராமிக் சூளைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கண்ணாடியும் பீங்கானும் நெருப்பில் பிறந்த பங்காளிகள். இங்கிலாந்தில் அந்த உறவெல்லாம் செல்லாது. சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமையாக விளக்கினார்: குப்பையை அள்ளுவது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், கொண்டுபோய் ஒழிப்பது அதற்கு மேலே உள்ள கவுண்டி கவுன்சில், உடைந்த பீங்கானை நானே கவுண்டியின் கிடங்கில் சேர்க்க வேண்டும். "இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ள மாட்டீர்களா?" என்றேன். நான் சண்டைக்கு வருவதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசைதான். இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்ட வேலை நடந்து முடிவதை நான் ஊரில் பார்த்ததில்லை.

என் அக்கா லூர்துவின் வீடு சேத்தியாத்தோப்பு போகும் சாலையில், நகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நகராட்சிக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு எதிர்வரிசை வரை வந்து திரும்பிவிடும். ஊராட்சியிடம் இருந்தது ஒரே ஒரு தள்ளுவண்டி, அதற்கும் சக்கரம் கிடையாது. ஆகவே அக்கா வீட்டுக்குப் பின்னால், சூளைக்காரர்கள் கழித்த பீங்கான் பொம்மைகளையும் உடைந்த பியூஸ் கட்டைகளையும் கொட்டிய பள்ளத்தில், எல்லார் வீட்டுக் குப்பையும் சேர்ந்தது. குவிந்ததும் யாராவது கொளுத்துவார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே வீசிங். மூச்சு வாங்க இரண்டு அலுவலகத்துக்கும் நடந்தாள். நகராட்சியில், "ஒங்க வூடு எங்க லிமிட்லயே இல்லம்மா" என்றார்கள். ஊராட்சியில், "டவுன்காரங்கதான் வந்து கொட்டறாங்க, அங்க போயி கேளுங்க" என்றார்கள். இங்கிருந்து நான் மேலிடத்துக்கு மனு அனுப்பினேன். அது சுற்றிச் சுற்றி அதே இரண்டு மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு வந்தது. விடிவுகாலம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, சேர்க்கக் கூடாதென்று நடந்த சாலை மறியல் வீடியோ வாட்ஸப்பில் வந்தது. முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அக்கா. நகராட்சியானால் நூறு நாள் வேலை கிடையாது. மாமா போன பிறகு அவளுக்கு அந்த ஏரி வேலைதான் கஞ்சி.

"புத்தி கெட்டுப்போச்சாக்கா ஒனக்கு? குப்ப வண்டி வாசலுக்கே வந்துருக்கும்ல?"

"வரும்டா தம்பி. அதுல போட வூட்டுல குப்ப இருக்கணும்ல? வேல இல்லன்னா எதத் தின்னுட்டு எதக் கொட்டறது?"

"நான் அனுப்ப மாட்டனா?"

"நீ அனுப்பறது ஒம் பொண்டாட்டிக்குத் தெரியற வரைக்கும்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் சொன்னது நியாயம் என்பதுதான் எனக்கு ஆத்திரம். சேர்க்கும் பேச்சு அத்தோடு நின்றது.

இந்தக் கோடையில் பள்ளம் மொத்தமாகப் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து மேலே தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. அடியில் கனன்றுகொண்டே இருந்தது. கிளறி அணைக்க ஜேசிபி வேண்டும். அதை வரவழைப்பது யார் என்று இரண்டு அலுவலகங்களும் பேசிக்கொண்டிருக்க, அக்கா ஜன்னலில் ஈரப் புடவையைக் கட்டிவிட்டு உள்ளேயே கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தும் பிழைக்கவில்லை. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன்; முடிவு வருமுன் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்பதால் என்னால் கிளம்ப முடியவில்லை. அடக்கத்தை போனில் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்கள் முந்தானையாலும் துண்டாலும் முகத்தைப் பொத்தியிருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். புகை. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல் எனக்கு நெஞ்சு வெந்தது.

அடுத்த வாரம் ஒரு வெள்ளைக்கார அம்மா கதவைத் தட்டினார். கவுன்சில் தேர்தலில் நிற்கிறாராம். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் இந்தியக் குடிமகனான எனக்கும் இங்கே அந்த ஓட்டு உண்டு. "உங்கள் பகுதியில் ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டார். குப்பைப் பள்ளம் எரிகிறது, அந்தப் புகையில் என் அக்கா செத்துப்போனாள் என்றேன். அவர் இன்றைக்கே நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று பேனாவை எடுத்தார். எந்தச் சாலை என்றார். சேத்தியாத்தோப்பு ரோடு என்றேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அக்காவின் குறையை முதல்முறையாக ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.