முப்பத்தேழாம் அத்தியாயம்

டெப்போவில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். இருபது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே வண்டியை நிறுத்திவிடுவாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், நாற்பத்தாறு வயதுவரை.

அவளுடைய அண்ணன் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். பன்னிரண்டு பாகம் கொண்ட ஒரு மாயக்கதைத் தொடரின் முதல் பாகத்தை எங்கிருந்தோ பிடித்து வந்தவர் அவர்தான். சுரங்கத்தில் மூட்டை தூக்கும் ஒருவன், சக்தியின் அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு நிலையாக ஏறுகிறான். பாகத்துக்கு ஒரு நிலை. தலை நரைக்கும் வயதில் அண்ணனும் தங்கையும் அதில் தலைகுப்புற விழுந்தார்கள். அண்ணிக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. "எட்டு வருஷமா ஏறுறான். நம்ம மாடிப்படியில விட்டிருந்தாக்கூட இந்நேரம் மொட்டைமாடிக்குப் போயிருப்பான்" என்பாள்.

ஒன்பதாம் பாகம் வந்த வருடம் சர்க்கரை நோய் அண்ணனின் கண்களைத் தின்ன ஆரம்பித்தது. பத்தாம் பாகத்தின்போது ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அப்போதிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் போய் வாசித்துக் காட்டினாள். அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை: தனியாக ஒரு வரிகூட முந்தக் கூடாது.

பதினொன்றாம் பாகம், அதாவது கடைசிக்கு முந்தையது, கைக்கு வந்தது. முப்பது அத்தியாயம்வரை ஒழுங்காகப் போனாள். ஆனால் அண்ணன் நிறுத்தி நிறுத்திக் கேட்பார். "அந்தச் சண்டையை இன்னொரு தரம் படி பாப்பா" என்பார். ஒரு மணி நேரத்தில் மூன்று அத்தியாயம் நகர்ந்தால் பெரிய விஷயம். அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல் மண்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், காலியாக நின்ற பேருந்தின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஏழு அத்தியாயம் ஓடிவிட்டாள்.

முப்பத்தேழில் மாட்டிக்கொண்டாள். பதினோராம் நிலையின் கதவைத் திறக்க நாயகன் தன் இரண்டு கண்களையும் கொடுத்துவிடுகிறான். கூட வந்தவர்கள் அவனைப் பாரம் என்று குகைவாசலிலேயே விட்டுப் போகிறார்கள். அவன் மண்ணில் உட்கார்ந்து, என்னைக் கொன்றுவிடுங்கள் என்று கத்துகிறான். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அன்று மாலை முழுக்க ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக அதே வரிகள்.

மூன்றாவது ஞாயிறு அந்தப் பக்கம் வந்தே தீர்ந்தது. "அவன் தன்னுடைய..." என்று படித்தவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "வலது கையைக் கொடுத்தான்" என்று முடித்தாள்.

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "வாள் பிடிக்கிற கையா? அடப்பாவி!"

"ஆமாண்ணே. நானே எதிர்பாக்கல" என்றாள். முதல் பொய்யைவிட இரண்டாவது சுலபமாக வந்தது.

அதன் பிறகு மாற்றி மாற்றிப் படிப்பதே பிழைப்பாகிப் போனது. 'இருட்டு' என்று வந்தால் 'வலி' என்று மாற்ற வேண்டும். தடவி நடந்தான் என்றால் தள்ளாடி நடந்தான். அடுத்த ஞாயிறு ஒரு மலைச்சரிவில் கவனம் தவறிவிட்டது.

"நில்லு பாப்பா. கை போச்சுன்ன. இப்ப ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிக்கிறான்?"

"அது... மாயக் கைண்ணே. முளைச்சிருச்சு."

"முளைச்சிருச்சா?" அண்ணன் சிரிக்கவில்லை. கிளம்பும்போது, "புத்தகம் இங்கயே இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை.

அதற்கடுத்த வாரமும் அவள் மாற்றித்தான் படித்தாள். அவர் "ம்... அப்புறம்?" என்று எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் அடுத்த ஞாயிறு, கதவைத் திறந்த அண்ணி அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். உங்கண்ணனுக்கு எல்லாம் தெரியும். புத்தகம் வச்சிட்டுப் போன மறுநாளே என்னைப் படிக்கச் சொன்னாரு."

"அப்ப போன வாரம் நான் படிச்சது?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டாரு. அவளாச் சொல்லட்டும்னு என் வாயை அடச்சிட்டாரு. எனக்குத்தான் பொறுக்கல."

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஒரு மணி நேரம், ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் தண்ணீர் குடித்து, தெரிந்தே உட்கார்ந்திருந்த மனிதருக்கு முன்னால் நாடகம் ஆடியிருக்கிறாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"என் மனசா?" அவர் முகத்தை அவள் குரலுக்கு நேராகத் திருப்பினார். "எனக்குக் கண்ணு போய் ஒரு வருஷமாச்சு. இந்த வீட்டுல ஒருத்தரும் அந்த வார்த்தையச் சொல்றதில்ல. நீ 'பாத்தியா'ன்னு கேக்கறதையே விட்டுட்ட. நான் இத்தனை வருஷம் பின்னாலயே போனவனுக்கும் எனக்கு வந்ததே வந்திருக்கு. அதை நான் எப்பேர்ப்பட்ட துணையா நினைச்சிருப்பேன்? அதைப் போய் எடுத்து ஒளிச்சு வச்சியே."

அவருக்காகச் செய்யவில்லை என்பது இப்போது அவளுக்கே பட்டது. அந்த வார்த்தையை அவர் எதிரில் உச்சரிக்க அவளுக்குத்தான் பயம்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் கடைசியில். "நீ மெதுவாக் கேக்கறது எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அதான் தனியாப் படிச்சேன்."

அண்ணன் பக்கத்தில் தடவிப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அடுப்பங்கரையில் அண்ணி பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"முப்பத்தேழுல இருந்து எடு" என்றார்.

படித்தாள். கண்கள் என்ற இடத்தில் குரல் உடைந்தது, அவர் காத்திருந்தார். குகைவாசல் வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். நாயகன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்த இடத்தில், "எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல. முழங்கையை மடக்கித்தான் நடக்கணும், இல்லன்னா விரல் பேந்துடும்" என்றார். அண்ணி வந்து கதவோரமாக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள்.

அந்தப் பாகத்தை அவர்கள் ஆறு ஞாயிறுகளில் முடித்தார்கள். ஆனால் மூச்சு வாங்க அவள் கொஞ்சம் நிறுத்தினாலும், "இருக்கறதத்தானே படிக்கிற?" என்று அண்ணன் கேட்டுவிடுவார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவள் "ஆமாண்ணே" என்பாள். ஒவ்வொரு முறையும் முகம் சுண்டிப்போகும்.