சக்கரம் பட்ட புல்

குதிகாலால் ஓங்கி இரண்டு மிதி. பெயர்ந்து கிடந்த மண் புல்லோடு தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, எல்லாரும் மைதானத்தக்கா என்று கூப்பிடும் அவள் அடுத்த தடத்துக்கு நகர்கிறாள். விமானம் இறங்கும்போது சக்கரம் பட்ட இடத்தில் ஒரு பிடி புல் பெயர்ந்துவிடும். அப்படியே விட்டால் பள்ளம். அதில் அடுத்த சக்கரம் மாட்டினால் ஆள் காலி. அதனால் ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் அவள் நடக்கிறாள். "பிள்ளைங்க எந்திரிச்சுப் போனதும் படுக்கைய சரி பண்றதில்லையா, அது மாதிரிதான்" என்பாள்.

பார்த்தால் வெறும் புல்வெளி. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, கம்பத்து உச்சியில் காற்றின் திசை சொல்லும் ஆரஞ்சு நிறத் துணிப்பை, அவ்வளவுதான். முன்பு மாடு மேய்ந்த இடம். போர்க்காலத்தில் எரிபொருள் தீர்ந்த விமானம் ஒன்று போக்கிடமில்லாமல் இங்கே இறங்கியதாம். "மாடெல்லாம் தலைதெறிக்க ஓடுச்சு!" என்று, ஏதோ அவளே பிடித்துக் கட்டியது போலச் சொல்வாள். பிறகு தபால் மூட்டைகள் வந்தன, பயிருக்கு மருந்தடிக்கும் விமானங்கள் வந்தன. இப்போது ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் வருகிறார்கள்.

புல் வெட்டுவது, எலிவளை அடைப்பது, மழை விட்டதும் ஈரம் பார்ப்பது எல்லாம் அவள்தான். வாய் ஓயாது. ஆனால் சக்கரம் புல்லைவிட்டு எழும்பும் நொடியில் வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டுக் கழுத்து வலிக்கப் பார்ப்பாள். "தெனமும் பாக்குறேன், இன்னும் உடம்பு சிலிர்க்குது. இந்தப் புல்லுலேருந்தா அது போச்சு!"

இன்று ஓட்டப்போவது அவள் வீட்டுக்காரர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இந்த வயதில் இப்படியொரு ஆசை. இதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் இன்று இறங்கிக்கொண்டார். மனிதர் முதல் முறையாகத் தனியாக ஒரு சுற்று போய்வர வேண்டும்.

"மேல ஸ்டாப்பிங் கிடையாதுங்க. நடுவுல எறங்கி டீ குடிக்க முடியாது" என்றாள் அவரிடம்.

"டிக்கெட் எடுத்தவங்க மட்டும் பேசலாம்" என்று அவர் கதவைச் சாத்தினார்.

ஓடி, எழும்பி, மரங்களுக்கு மேல் சின்னதாகிப் போனார். "அடேயப்பா!" என்றாள். குரலில் கேலி துளியும் இல்லை. நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரா அங்கே போகிறார்?

திரும்பி இறங்கும்போது சக்கரம் புல்லில் பட்டுத் துள்ளியது. மறுபடி பட்டு, மறுபடி துள்ளியது. விமானம் சீறிக்கொண்டு மேலே ஏறியது.

"பயப்படாதீங்கக்கா, துள்ளினா எறக்காம மேல தூக்கிடணும், சரியாத்தான் செஞ்சாரு. இன்னொரு சுத்து சுத்திட்டு வருவாரு" என்றார் பயிற்சியாளர்.

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "எல்லா வளையும் அடைச்சேனே... ஒண்ணு விடாம அடைச்சேனே..." என்று முணுமுணுத்தபடி வானத்தையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாங்க. அவசரமில்ல, மெதுவா வாங்க."

வந்தார். இம்முறை சக்கரம் புல்லைப் பிடித்துக்கொண்டது. குலுங்கி ஓடி நின்றது. அவள் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து நின்றாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "டீ இருக்கா?"

"இருங்க, நீங்க பண்ணி வச்ச கூத்தச் சரி பண்ணிட்டு வர்றேன்."

துள்ளிய தடங்களைத் திட்டித் திட்டி மிதித்தாள். கடைசித் தடத்துக்கு வந்தாள், சக்கரம் பிடித்து நின்ற தடம். குதிகாலை ஓங்கினாள். பிறகு காலை மெல்லக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து, பெயர்ந்த புல்லை இரண்டு உள்ளங்கையாலும் பதமாக அழுத்தினாள்.