சஹனுக்கு அடையாள அட்டை இல்லை

கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் கடையில், மற்றவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தே இத்தனை வருடமாகச் சீவிக்கிறேன். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், வெளிநாடு போகிறவரின் பொலிஸ் அறிக்கை என்று எதைக் கொண்டுவந்தாலும் என் கை தானாக எழுதும். நான் நிரப்பிய படிவம் திரும்பி வந்த சரித்திரம் இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பீற்றலுக்கு இரண்டு முறை நல்ல அடி விழுந்தது. இரண்டும் என் சொந்தப் பிள்ளைக்காக எழுதியவை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஓட்டிசம் என்று டாக்டர் ஒருவர் சொல்லும்வரை ஊர் அவளுக்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தது. அவற்றை இங்கே எழுதி என் பேனாவை அழுக்காக்க மாட்டேன். அவள் அதிகம் கதைக்கமாட்டாள். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்வாள். தெரியாமல் யாராவது கையைத் தொட்டுவிட்டாலும் கத்துவாள். ஆனால் வயலுக்குப் போனால் அவள் வேறு ஆள். வரம்பில் குந்தியிருந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வரம்பை வெட்டித் தண்ணீர் விடும் வாயை நாங்கள் வக்கடை என்போம். வக்கடையைத் திறப்பதும் அடைப்பதும் அவளுடைய வாப்பா அவளுக்கென்றே விட்டுக்கொடுத்த வேலை. அதில் அவள் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

எங்களுக்கு ராத்தா என்றால் அக்கா. என் ராத்தாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் ஊர்க் கலியாணங்களில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. சஹன் என்ற பெரிய வட்டத்தட்டில் சோற்றைக் குவித்து, இறைச்சியையும் கறிகளையும் அதன்மேல் வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். ஆறு பேர் சேராத சஹனுக்குச் சோறு வராது. ஆள் குறைந்தால் பரிமாறுகிறவர்கள் கூப்பிட்டு, எங்காவது நிற்கிற ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து விடுவார்கள். தெரிந்தவரா, தெரியாதவரா என்ற கேள்வியே இல்லை. அந்தச் சஹனில்தான் சண்டைபோட்டவர்கள் சேருவார்கள், சம்பந்தம் பேசுவார்கள், புதினம் கதைப்பார்கள்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி ராத்தா என் வீட்டுக்கு வந்தா.

"தங்கச்சி, குறை நினைக்காத. புள்ளய வீட்ட உட்டுட்டு வா. ஸ்பீக்கர் சத்தத்துக்கு அவள் கத்துவாள், சனமெல்லாம் பாக்கும். அவளுக்கு நான் சோத்துப் பார்சல் அனுப்புறன்."

நான் கலியாணத்துக்குப் போகவில்லை. பார்சல் மட்டும் வந்தது. பிரித்துப் பார்த்தேன். நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, ஒருவருக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு இறைச்சி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. ராத்தா கெட்டவ இல்லை. என் பிள்ளைமேல் அவவுக்கு இரக்கம் நிறைய இருந்தது. இடம்தான் இருக்கவில்லை.

என்னைப் போன்ற தாய்மார் சிலரும், உடல் இயலாதவர்கள் சிலரும் சேர்ந்து அதற்கு முன்பே ஒரு சங்கம் வைத்திருந்தோம். எங்கள் பொருளாளர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு தங்கை. சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருப்பவள். நாக்கு என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் கட்டை. சனிக்கிழமைகளில் ஒரு பழைய கடை அறையில் கூடுவோம். கூடி என்ன, அவரவர் கவலையைச் சொல்லிவிட்டுப் போவோம். வெளியே எங்கேயும் போக ஆட்டோக் கூலிக்குக் கூட வழியில்லை. அப்போதுதான் கொழும்பில் உள்ள ஒரு நிதியம், எங்களைப் போன்ற சங்கங்களுக்கு மானியம் தருவதாக அறிந்தோம். மாற்றுத்திறனாளிகள் சமூகத்தில் பங்கெடுப்பதற்கான மானியம் அது.

முதல் இரண்டு முறையும் நான் பெரிய பெரிய சொற்களாகப் பொறுக்கிப் போட்டேன். வலுவூட்டல், உள்வாங்கல், நிலைபேறு. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் திரும்பி வந்தன. நிதியத்தில் உள்ளவர்களுக்குக் கண் இல்லையா என்று ஏசினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மூன்றாம் முறை படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கண்ணில் குத்தியது. ஒருவர் சமூகத்தில் பங்கெடுக்கிறார் என்பதை உங்கள் ஊரில் எதை வைத்து அறிவீர்கள்? முந்திய இரண்டு முறையும் அந்தக் கேள்வி அங்கேதான் இருந்தது. நான்தான் அதற்கும் உள்வாங்கல் என்று எழுதியிருந்தேன். இந்த முறை எனக்கு அந்தப் பார்சல் ஞாபகம் வந்தது. கோபத்தோடு எழுதினேன்.

"சஹனை வைத்து அறிவோம். எங்கள் பிள்ளைகள் யாரும் இதுவரை சஹனோடு உட்கார்ந்ததில்லை. எல்லோரும் சஹனோடு இருக்கும்போது அவர்கள் மட்டும் வீட்டில் தனியே இருக்கிறார்கள். உங்கள் மானியம் கிடைத்தால், ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாப் பிள்ளைகளையும் சஹனோடு பழக்குவோம். ஒருநாள் என் மகள் ஊர்க் கலியாணத்தில் சஹனில் ஆறாவது ஆளாக உட்காருவாள். அதுதான் எங்கள் இலக்கு. வேறு இலக்கு இல்லை."

தமிழிலேயே அனுப்பலாம் என்று போட்டிருந்ததால் தமிழிலேயே அனுப்பினேன். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பம் முதற்கட்டத் தெரிவில் தேறிவிட்டதாம். சிறுவர் பாதுகாப்பு ஒழுங்குகளின்படி, பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் இருக்கப்போகும் திரு. சஹன் என்பவரின் வயது, தேசிய அடையாள அட்டை இலக்கம், பொலிஸ் அறிக்கை ஆகியவற்றைப் பத்து நாளுக்குள் அனுப்பவேண்டுமாம். தவறினால் விண்ணப்பம் ரத்தாகுமாம்.

நான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகுதான் விளங்கியது. சிங்களத்தில் சஹன் என்பது ஆண்களுக்கு வைக்கும் பெயர். கொழும்பில் என் எழுத்தை மொழிபெயர்த்தவர், எங்கள் சோற்றுத்தட்டை ஓர் இளந்தாரி ஆக்கிவிட்டார். கல்முனையில் யாரோ ஒரு சஹன் இருக்கிறான், ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அவனோடு உட்கார ஏங்குகிறார்கள்! கடையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த இடத்திலேயே பதில் எழுதினேன்.

"மதிப்புக்குரிய ஐயா, அம்மணி, சஹனுக்கு அடையாள அட்டை இல்லை. அவர் என் உம்மாவின் சீதனத்தோடு வந்தவர், ஆகவே என்னைவிட மூத்தவர். வட்டமான முகம். ஒரே நேரத்தில் ஆறு பேரைச் சுமப்பார். அவர்மேல் பொலிசில் எந்த முறைப்பாடும் இல்லை. சூடாக இருக்கும்போது தவிர, எந்தப் பிள்ளைக்கும் அவரால் தீங்கு வந்ததில்லை. நம்பாவிட்டால் நேரில் வந்து, அவரில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்."

தபாலில் போட்டுவிட்டுத்தான் பொருளாளருக்குச் சொன்னேன். அவள் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் அடித்தாள்.

"அக்கா, உங்களுக்கு விசரா? காசு தாறவங்களோட பகிடி விடுறதா? மூண்டாம் தரமும் போச்சு!"

அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாய்க்கொழுப்பால் பிள்ளைகளின் வழியை நானே அடைத்துவிட்டேன் என்று எனக்கு நானே ஏசிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதி, அனுப்ப மனமில்லாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. ஒரு பெண் குரல். சிங்களப் பெண்மணி என்று தமிழ் உச்சரிப்பிலேயே தெரிந்தது, ஆனாலும் நிதானமாக, அழகாகக் கதைத்தா.

"உங்கட கடிதத்த எங்கட ஒபிஸ்ல எல்லாரும் வாசிச்சிட்டாங்க. சவான்தானே? கொழும்பில ஹோட்டல்ல புரியாணி சவான் விக்கிறாங்க, நாங்களும் சாப்பிட்டிருக்கம். சஹன் எண்டு எழுதினதால எங்களுக்கு விளங்கல்ல. என்ட தம்பிட பேரும் சஹன்தான். அவனுக்கு ஆறு பேரச் சுமக்க ஏலாது." அவவே சிரித்துவிட்டு, பிறகு சொன்னா: "இந்தச் சனிக்கிழமை வாறன். சாப்பாடு தருவீங்கதானே?"

சனிக்கிழமை அந்தப் பழைய கடை அறையைக் கழுவித் துடைத்தோம். பொருளாளரால் பாயில் உட்கார முடியாது என்பதால் மேசை ஒன்றைச் சந்தியில் வாடகைக்கு எடுத்து, சஹனை அதன்மேல் வைத்தோம். நெய்ச்சோறும் கோழியும். கொழும்பு அம்மணி, பொருளாளர், நான், இன்னும் இரண்டு தாய்மார். ஆறாவது இடத்தில் மகள். ஐந்து பேரின் கை ஓடும் தட்டில் அவள் கை வைப்பாளா?

மகள் சோற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் தன் பக்கத்துச் சோற்றைச் சுற்றி ஒரு வரம்பு கட்டினாள். உள்ளே அவளுடைய பங்கு, வெளியே எங்களுடையது. கறி வேண்டும் என்றபோது வரம்பில் ஒரு வக்கடை திறந்தாள். கொஞ்சம் குழம்பு உள்ளே வந்ததும் சோற்றாலேயே அடைத்தாள். பிஸ்மி சொல்லி, தன் முன்னால் உள்ளதைத் தின் என்று எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் சின்னதிலேயே சொல்லித் தருகிறோம். வளர்ந்தபிறகு நல்ல துண்டைக் கண்டால் மற்றவர் பக்கத்துக்கும் கை போகும். அந்த ஒழுங்கை அறையிலிருந்த எல்லோரையும்விடச் சரியாகக் கடைப்பிடித்தவள் என் மகள்தான்.

கதைத்துக்கொண்டிருந்த அம்மணியின் விரல் தெரியாமல் வரம்பை உடைத்துவிட்டது. மகள் கத்தவில்லை. அம்மணியின் கையை ஒற்றை விரலால் மெல்லத் தள்ளி, உடைந்த இடத்தைத் திரும்பக் கட்டினாள். கட்டி முடித்து, "உங்கட பக்கம்" என்றாள். புதிய ஆள் ஒருவரோடு அவள் வாய்திறந்து கதைத்ததை அன்றுதான் நான் கேட்டேன். அம்மணி கையைத் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு சாப்பிட்டா. கண் கலங்கியதற்குக் காரணம் மிளகாய் என்றா. எங்கள் கோழிக்கறியில் அன்று அவ்வளவு உறைப்பு இல்லை.

மானியம் கிடைத்தது. கடிதம் வந்த நாளில் பொருளாளர் தன் நாற்காலியில் கடைத்தெரு நீளத்துக்கும் ஓடித் திரிந்தாள். நான் பின்னால் ஓடி இளைத்தேன். அந்தக் காசில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆட்டோ பேசினோம். ஊரில் உள்ள இரண்டு கலியாண மண்டபங்களுக்குச் சாய்வுப்பாதை போட்டுக் கொடுத்தோம். மண்டபக்காரரோடு கதைத்து, ஒலிபெருக்கிக்குத் தூரமாக ஒரு மூலையில் மேசைச் சஹன் வைக்கச் சம்மதிக்க வைத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சஹனில் சாப்பிட்டோம். உள்ளதைச் சொன்னால் முதலில் பழகவேண்டியிருந்தது எங்களைப் போன்ற தாய்மார்தான். பிள்ளையின் வாயைத் துடைக்கப் போகும் கையை மடியில் வைத்திருக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

அடுத்த வருடம் ராத்தாவின் இரண்டாவது மகளுக்குக் கலியாணம். அழைக்க வந்த ராத்தா வாசலில் நின்றா. மகளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "எல்லாரும் வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா. பார்சல் பற்றிப் பேச்சில்லை.

மண்டபத்தில் சனம் நெரிந்தது. மகள் என் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவோமா என்று நான் வாசலைப் பார்த்தேன். அப்போது மூலை மேசையிலிருந்து பரிமாறுகிற பெண்ணின் குரல் வந்தது.

"ஆள் குறையிது கா! இந்தச் சஹனுக்கு இன்னும் ஒராள்! ஆரு வாற?"

நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். நேரே நடந்துபோய், தெரியாத ஐந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"ராத்தா, இஞ்ச ஆறு பேர் சரி. நீங்க வேற சஹனப் பாருங்க" என்று என்னை மறித்தாள் பரிமாறுகிறவள்.

அவளுக்கு என்னையும் தெரியாது, என் மகளையும் தெரியாது. சோறு வந்தது. மகள் வரம்பு கட்டத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெண் அதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், தன் பக்கத்துக் கோழித் துண்டு ஒன்றை வரம்புக்கு வெளியே, வக்கடைக்குக் கிட்ட வைத்தாள். நான் நடு மண்டபத்தில் நின்று சத்தம் போட்டு அழுதேன். எனக்கு வெட்கமே வரவில்லை.

மற்றச் சஹன்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. ராத்தா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டா. அவவும் மூலை மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டா:

"தங்கச்சி, ஒனக்கு ஒரு சோத்துப் பார்சல் கட்டட்டா?"

"கட்டு ராத்தா. இறைச்சி கூடப் போடு" என்றேன்.

வாசல்படியில் உட்கார்ந்து அந்தப் பார்சலை ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். அந்த மாதம் நிதியத்துக்கு அனுப்பிய அறிக்கையில், கலியாணத்தில் பங்கெடுத்தவர் என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். பங்கெடுக்க இடம் கிடைக்காதவர் என்ற கட்டத்தில் தாய் என்று எழுதினேன். அந்தப் படிவம் திரும்பி வரவில்லை.