மூன்று இரும்புத் தட்டுகள்

தென் கொரியாவின் புசான் நகரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் அடிப்பாகத்துக்குப் பசை தடவியவள் க்வாக் ஜொம்ரே. 1998 குளிர்காலத்தில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. நாற்பத்து மூன்று வயதில், சாங்வோனில் வேலையிழந்தவர்களுக்காக நடந்த இயந்திரப் பராமரிப்புப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் முப்பது பேர். பெண் அவள் ஒருத்திதான்.

பயிற்றுநர் பியோன் அவளைவிடப் பதினான்கு வயது சின்னவர். முதல் வாரம் ஒரு நீண்ட எஃகுச் சட்டத்தைக் காட்டி, ஒரு பரப்பு சமமாக இருக்கிறதா என்று இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஜொம்ரே எழுந்தாள். "சார், இந்தச் சட்டம் நேரா இருக்குன்னு எதை வெச்சுப் பாத்தாங்க?"

"இதைவிட நேரான சட்டத்தை வெச்சு."

"அதை?"

"அதைவிட நேரானதை வெச்சு."

"அப்போ முதல்ல செஞ்சவன்கிட்ட என்ன இருந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. முன்னாள் லாரி ஓட்டுநர் தக் மியோங்சு, "அக்கா, பாடம் முடிஞ்சா சோறு. கெடுத்துடாதீங்க" என்றான்.

பியோன் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் சொரசொரப்பான மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "முதல்ல செஞ்சவன்கிட்ட இதுதான் இருந்துச்சு. வேற எதுவும் இல்ல."

ஒரு தட்டில் நீலச் சாயத்தை மெல்லப் பூசி, இன்னொன்றை அதன்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். சாயம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. அந்த மேட்டைச் சுரண்டியால் சீவ வேண்டும். பிறகு மறுபடி பூசி, மறுபடி சீவ வேண்டும்.

"மூணு எதுக்கு சார்? ரெண்டு போதாதா?"

"ஒண்ணு குழியா, ஒண்ணு மேடா இருந்தாலும் ரெண்டும் அச்சா பொருந்தும்க்கா. ரெண்டு பேர் கூடிப் பேசிப் பொய் சொல்லிடலாம். மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பொருந்தணும்னா, நேரா இருந்துதான் ஆகணும்."

வகுப்பு முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் சீவினாள். விரலிடுக்கெல்லாம் நீலம் ஏறியது. "சட்டிக்கு மூடி செய்யுறீங்களாக்கா?" என்று தக் கிண்டல் செய்தான். மூன்றாவது வாரம் முதல் இரண்டு தட்டுகளும் அழகாகப் பொருந்தின. மூன்றாவதை வைத்தபோது நடுவில் மட்டும் நீலம் பிடித்தது. அன்று சுரண்டியை வீசிவிட்டுப் போனவள், மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

நாற்பத்தோராம் நாள், எந்தத் தட்டை எதன்மேல் வைத்தாலும் நீலம் பூத்தூவியதுபோல் எங்கும் ஒரே சீராகப் படிந்தது. சாயத்தைத் துடைத்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்றை மெல்ல இறக்கினாள். மேல்தட்டு உட்காரவில்லை. நடுவில் சிக்கிய காற்றின்மேல் நின்றது. சுண்டுவிரலால் தொட்டாள். பதினைந்து கிலோ இரும்பு, தண்ணீர்மேல் விட்ட இலை மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது.

ஜொம்ரே கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

பியோன் தட்டை எடுத்துப்போய்ப் பயிற்சிக்கூடத்தின் தலைமை அளவுக்கல்லான வழவழப்பான கருங்கல் பலகையில் வைத்தார். தட்டின்மேல் அளவுமானியை நகர்த்தியபோது அதன் முள் அசைந்தது தெரியவே இல்லை. "மூணு மைக்ரான்" என்றார் தணிந்த குரலில். "உங்க தலைமுடிய இருபதா வகுந்தா ஒரு பங்கு."

"நான் எதையும் பாத்து செய்யலையே சார். ஒண்ணோட ஒண்ணு தேச்சேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்க்கா. உலகத்துல இருக்கிற அத்தனை மெஷினும் அங்கேருந்துதான் வந்துச்சு."

தக் பக்கத்தில் வந்து, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு தடவ தள்ளிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். முப்பது பேரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு முறை தள்ளிப் பார்த்தார்கள்.

பயிற்சி முடிவில் நடந்த எழுத்துத் தேர்வில் ஜொம்ரே முதல் முறை தோற்றாள். இரண்டாம் முறை தேறி, லேத் எனும் கடைசல் இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். மேற்பார்வையாளர் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். அவள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எனக்கு ஒரு லேத்தோட வழித்தடத்த, அந்தச் சறுக்குற பரப்பச் சீவக் குடுங்க. சரியா வரலேன்னா மறுநாளிலேருந்து கூட்டுறேன்" என்றாள்.

எட்டு நாள் சீவினாள். பரிசோதகர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தார். அடுத்த லேத்தின் வழித்தடத்தை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார். அந்த இடத்தில் அவள் பதினெட்டு வருஷம் நின்றாள்.