மண் அணைத்தல்

தேயிலைத் தோட்ட ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற பின் எனக்கு மிஞ்சிய வேலை, மனைவி இறப்பதற்கு முன் நட்ட மூன்று ஜெர்பராச் செடிகளைச் சாகாமல் பார்ப்பது. தரையோடு இலை விரித்து ஆண்டு முழுவதும் பூக்கும் செடி. குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும்.

போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அம்மாவுக்கு அந்த ஒரு விதிதான் ஒத்துவரவில்லை. தண்டு வெளுக்க மண் அணைத்து வளர்க்கும் லீக்ஸ் போட்டே பழகியவர். எந்தச் செடியைக் கண்டாலும் கழுத்துவரை மண் அணைத்துவிடுவார். நான் கிளினிக்குக்குப் போகும் நாட்களில் என் செடிகளுக்கும் அந்தக் கவனிப்பு கிடைத்தது. இரண்டு அழுகின. வேர்க்கழுத்து, வடிகால், காற்றோட்டம் என்று ஆபீஸ் சுற்றறிக்கை போலப் பலமுறை விளக்கினேன். தலையாட்டுவார். மறுவாரம் மறுபடியும் மண்.

மிச்சமிருந்த ஒன்றைச் சுற்றி அவர் அணைத்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது முழங்கால் என்னை எழவிடவில்லை. அவர் வேலியோரம் நின்று பார்த்தார்.

"பாவம்ங்க ஐயா, இந்தக் குளிர்ல. நீங்களும் அணைக்க மாட்டீங்க, அடுத்தவங்களையும் விடமாட்டீங்க."

"இது என் சம்சாரம் நட்டதும்மா," என்றேன். "இதுவும் போச்சுன்னா வேற இல்ல."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச மண்ணை விரலால் விலக்கினார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? வடிகாலு அது இதுன்னு என்னென்னமோ சொன்னீங்க."

இப்போது மழையில் மண் ஏறினால், நான் எழுந்து போவதற்குள் அவரே விலக்கிவிடுகிறார். செடி பூத்திருக்கிறது. எனக்கு அந்த வேலையும் போயிற்று.