நான்காம் மாடிக் கூண்டும் கோ மெய்ச்சினும்

தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட், கையில் துடைப்பக் கட்டை. காலை ஆறரை மணிக்குக் கட்டடத்தின் முன்சுவரைத் தட்டிக்கொண்டே சந்தில் நடக்கிறார் கோ மெய்ச்சின். தட்டுவார், காதைச் சாய்ப்பார். ‘டொக்’ என்று கேட்டால் டைல் சுவரைப் பிடித்திருக்கிறது. ‘டப்’ என்று கேட்டால் உள்ளே வெறும் காற்று. இன்றோ நாளையோ யார் தலையிலாவது இறங்கும். ‘டப்’ கேட்ட இடத்தில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு வட்டம். கட்டை எட்டாத உயரத்துக்கு அண்ணாந்து ஒரு முறைப்பு.

கீழ்த்தளத்தில் சிப்பி நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஆ-ஷுன் அண்டாவைக் கிளறிக்கொண்டே கேட்பார்: “என்ன டாக்டரம்மா, பேஷன்ட் எப்படி இருக்கு?”

“பேஷன்ட் தேறிடும். சொந்தக்காரங்கதான் தேற மாட்டாங்க.”

சொந்தக்காரர்கள் பத்து வீட்டுக்காரர்கள். தைப்பேயின் பழைய பகுதியில் நாற்பத்துமூன்று வயதான ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. மெய்ச்சின் அதன் நிர்வாகக் குழுத் தலைவி. குடிப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருஷம் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இடுப்புப் பையில் எப்போதும் அளவுநாடா, சாக்கட்டி, கையெழுத்துக்குப் பதில் வைக்கும் பெயர் முத்திரைக்குச் சிவப்பு மைப்பெட்டி. படிக்கட்டில் ஒருவரைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன் மைப்பெட்டி திறந்துவிடும். மூன்றாம் மாடி லூ, ஒப்புதல் தாளில் தன் பெயர் முத்திரையைத் தலைகீழாக வைத்துவிட்டார் என்று அவரைப் பாதிப் படிக்கட்டிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, புதுத் தாளில் மறுபடி வைக்கச் சொன்னவர்.

“யாரு தலைகீழா நின்னு படிக்கப்போறாங்க அக்கா?” என்றார் லூ.

“கவுண்டர்ல இருக்கிறவ படிப்பா. நான் இருந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். அதான் இப்பவே அனுப்புறேன்.”

முன்சுவரைப் புதுப்பிக்க நகராட்சி உதவி தருகிறது. நிபந்தனை இரண்டு. பத்து வீடும் முத்திரை வைக்க வேண்டும். பால்கனியைத் தாண்டிச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கூண்டுகள் அத்தனையும் கழற்றப்பட வேண்டும். முதல் நிபந்தனைக்காக மெய்ச்சின் எட்டு மாதம் படி ஏறினார். ஒருவர், என் பக்கம் டைல் விழவில்லையே என்றார். இன்னொருவர், சாம்பல் நிறம் அடித்தால் அஸ்தி மண்டபம் மாதிரி இருக்கும் என்றார். நிறத்துக்காக மட்டும் ஏழு கூட்டம், எல்லாமே படிக்கட்டில், ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து. ஐந்தாம் மாடிக்காரி இளஞ்சிவப்பு கேட்டு அழுதாள். ஏழாவது கூட்டத்தில், “நம்ம மூஞ்சிக்கு மாசாமாசம் க்ரீம் வாங்கத் தெரியுது, இதுக்கு ஒரு நிறம் சொல்லத் தெரியலை!” என்று கத்திவிட்டு, மெய்ச்சின் தானே வெளிர் சாம்பலைத் தேர்ந்தெடுத்தார். அஸ்தி மண்டபம் என்று சொன்னவர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

படிக்கட்டு தனிப் போர்க்களம். பொது இடத்தில் எதுவும் வைக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். அறிவிப்புக்கு நேர் கீழே லூவின் செருப்பு அலமாரி. ஒட்டியதும் அது உள்ளே போகும். ஒரு வாரத்தில் வாசலுக்கு வரும். மறுவாரம் அதன் மேல் ஒரு பூந்தொட்டியும் வரும்.

“செருப்பு வைக்கத்தான் இடமில்லைன்னீங்க. பூந்தொட்டி எதுக்கு?”

“அலமாரி பார்க்க நல்லா இல்லைன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?”

அன்று மெய்ச்சின் மூன்று மாடியும் தனக்குத் தானே பேசிக்கொண்டே இறங்கினார்.

இப்படியாக ஒன்பது முத்திரை சேர்ந்தது. பத்தாவது மட்டும் சேரவில்லை. அதுவும் அவர் வீட்டுக்கு எதிர் வீடு, நான்காம் மாடி. எழுபத்தெட்டு வயது வெங் பெரியம்மா கதவை ஒரு சாண் திறப்பார். “உடம்பு சரியில்லை, அப்புறம் பார்க்கலாம்” என்பார். மூடுவார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன வெங் பெரியப்பாவோ காலையிலிருந்து மாலைவரை கூண்டுக்குள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சந்திலிருந்து அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மெய்ச்சினுக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டடத்திலேயே பெரிய கூண்டு அதுதான். துருத் தண்ணீர் இறங்கி அதன் கீழ்ச்சுவர் முழுக்கப் பழுப்பு. ‘ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கார் பாரு, ஒன்பது வீடும் காத்துக்கிடக்கட்டும்னு.’

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு நான்கு நாள் இருக்கையில், நல்ல பகல் வெயிலில், சின்னதாக ஒரு நிலநடுக்கம். ஆ-ஷுனின் அண்டாவில் நூடுல்ஸ் ஒருமுறை தளும்பியது, அவ்வளவுதான். இங்கே யாரும் அதற்கெல்லாம் எழுந்து நிற்க மாட்டார்கள். ஆனால் வெங் வீட்டுக் கூண்டுக்குக் கீழே சாப்பாட்டு மேசை அகலத்துக்கு டைல்கள் மொத்தமாகப் பிய்ந்து, கடையின் முன்கூரையைக் கிழித்துக்கொண்டு ஒரு ஸ்டூலின் மேல் விழுந்தன. அந்த ஸ்டூலில் இருந்தவள் கொத்தமல்லி போதவில்லை என்று கிண்ணத்தோடு எழுந்து போயிருந்தாள்.

மெய்ச்சின் உடைந்த டைல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு மாடியும் மூச்சு வாங்க ஏறினார். கதவு ஒரு சாண் திறந்தது. இந்த முறை அந்தச் சாணுக்குள் தன் காலை வைத்தார்.

“பெரியம்மா, இன்னிக்கு ஒரு உசுரு போயிருக்கும். அந்தக் கூண்டோட பாரம் சுவரை இழுக்குது. நீங்க பதில் சொல்லாம நான் போகமாட்டேன்.”

வெங் பெரியம்மா டைல் துண்டைப் பார்த்தார். கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

இருபது வருஷம் எதிரெதிரே இருந்தும் மெய்ச்சின் அந்த வீட்டுக்குள் போனதில்லை. கூடத்து ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். படுக்கையறை ஜன்னலுக்கும் அதே சுவர். பால்கனியில் பாதியைத் துணி துவைக்கும் இயந்திரம் அடைத்திருந்தது. மீதியில் சக்கர நாற்காலி நுழையும். ஆனால் முன்சக்கரங்கள் கூண்டின் தட்டில் ஏறினால்தான் நாற்காலி முழுதாகக் கொள்ளும். கூண்டைக் கழற்றினால் நாற்காலிக்கு இடமில்லை. நான்கு மாடி இறங்கவும் வழியில்லாத மனிதருக்கு, அந்த இரண்டடித் தட்டை விட்டால் சுவரைத் தவிரப் பார்க்க வேறொன்றும் கிடையாது.

மெய்ச்சினுக்கு இரக்கம் வருவதற்குள் கோபம் வந்துவிட்டது.

“இதை எட்டு மாசம் முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன பெரியம்மா?”

“நீ கேட்டியா?” என்றார் வெங் பெரியம்மா. “எட்டு மாசமா மைப்பெட்டியைத்தானே நீட்டினே?”

மெய்ச்சின் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அளவுநாடாவை எடுத்தார். நாற்காலியை அளந்தார். பால்கனியை அளந்தார். துவைக்கும் இயந்திரத்தை அளந்தார். மறுபடியும் நாற்காலி.

“மெஷின் வெளியே போனா, நாற்காலி சுவர்க்கோட்டுக்குள்ளேயே நிக்கும். மூணு விரக்கடை மிச்சம்கூட இருக்கு.”

“மெஷினை எங்கே வைக்கிறது? லூ மாதிரி படிக்கட்டிலயா?”

அந்தப் பெயரைக் கேட்டதும் மெய்ச்சினுக்கு முகம் சிவந்தது. “என் பால்கனியில வைங்க. உங்க துணியை அங்கே வந்து துவைச்சுக்குங்க. ஆனா காலையில ஏழு மணிக்கு முன்னாடி போடக் கூடாது. சொல்லிட்டேன்.”

பத்தாவது முத்திரை விழுந்தது. நேராகத்தான் விழுந்தது, இருந்தும் மெய்ச்சின் இரண்டுமுறை சரிபார்த்தார்.

சாரம் கட்டிப் பச்சை வலை போட்டு நான்கு மாதம் வேலை நடந்தது. அந்த நான்கு மாதமும் மெய்ச்சினின் வீடு மெய்ச்சினுடையதாக இல்லை. பெரியம்மா சரியாக ஏழு மணிக்குக் கூடையோடு வந்து அழைப்புமணியை அடிப்பார். ஏழாக ஒரு நிமிஷம் இருந்தால் வாசலிலேயே நிற்பார். “நீதானே சட்டம் போட்டே” என்பார். இயந்திரம் வேகமாகச் சுழலும்போது எகிறி எகிறிப் பால்கனிக் கதவுவரை வரும். பெரியப்பாவின் உள்சட்டை எப்படியோ மெய்ச்சினின் அலமாரிக்குள் போய்ச் சேரும். “எனக்கு வேணும், நல்லா வேணும்” என்று ஆ-ஷுனிடம் புலம்புவார். ஆ-ஷுன் கேட்காமலே இன்னொரு கரண்டி நூடுல்ஸ் ஊற்றுவார்.

வலையை இறக்கிய மறுநாள் காலை நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி காமிராவோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்டிப்பான அம்மாள். வெளிர் சாம்பல் சுவரை ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார். “ரொம்பச் சுத்தம். ஒரே ஒரு முழுப் படம் எடுத்தா முடிஞ்சது. சுவரைத் தாண்டி எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது” என்றார். காமிராவைத் தூக்கியவர் இறக்கினார். “அது என்ன?”

நான்காம் மாடியில், கூண்டுக்குப் பதிலாகச் சுவரோடு ஒட்டிப் போட்ட புதுக் கம்பிகளின் நடுவே ஒரு கை வெளியே நீண்டிருந்தது. பெரியப்பாவின் இடக்கை.

“பெரியப்பா, கையை உள்ளே எடுங்க!” என்று கத்தினார் மெய்ச்சின்.

கை இன்னும் நீண்டது. ஆடியது.

“போட்டோ எடுக்கணும்! கை! கை!” மெய்ச்சின் தன் கையையே சுட்டிக் காட்டினார். மேலே கை இன்னும் உற்சாகமாக ஆடியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆ-ஷுன் அண்டாவுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து வெங் பெரியம்மாவின் தலை தெரிந்தது. “கத்தாதேடீ. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். எதிர்ல வர்ற டிரைவர் பதிலுக்குக் கை தூக்குறவரைக்கும் இறக்கமாட்டார்.”

“நான் என்ன பஸ்ஸா ஓட்டுறேன்?”

“அது அவருக்குத் தெரியணுமே.”

மெய்ச்சின் பல்லைக் கடித்தார். அதிகாரியைப் பார்த்தார், ஆ-ஷுனைப் பார்த்தார், சந்தில் வேறு யாரும் பார்க்கிறார்களா என்றும் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தினார்.