குச்சி ஒடிச்ச மரம்

கீழ்பென்னாத்தூர் வீட்டுக்குப் பின்னால ஒரு புளியமரம். சின்ன வயசுல அதுல குச்சி ஒடிச்சுத்தான் அப்பா என்னை அடிப்பார்.

இப்ப அப்பா அண்ணனோட சென்னைல. வீடு பூட்டிக் கிடக்கு. ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா போய் அந்த மரத்தை போட்டோ எடுக்கறேன். முதல்ல மரத்தை நிமிர்ந்து பாக்காமலே எடுத்து எல்லாம் கலங்கலா வந்துச்சு. இப்பதான் அதுல பூ இருக்கறதே கண்ணுல படுது.

இன்னிக்கு காலைல மரமும் துவைக்கற கல்லும் தெரியற மாதிரி ஒண்ணை ஸ்டேட்டஸ்ல வச்சேன்.

வேங்கிக்கால்ல ஆபீசுக்கு பஸ் இறங்கறதுக்குள்ள அப்பாகிட்டேருந்து மெசேஜ்.

"சூப்பரா இருக்கும்மா. எந்த ஊரு மரம்?"

"நம்ம வீட்டு மரம்பா"னு டைப் பண்ணேன். அலுப்பா இருந்துச்சு, அழிச்சிட்டேன்.

இப்ப அதே படத்துல "இனிய காலை வணக்கம்"னு எழுதி குடும்ப குரூப்ல போட்டிருக்கார்.

அத்தைங்க எல்லாரும் கும்பிடு போட்டுட்டாங்க. நான் என்ன போடறது, நீங்களே சொல்லுங்க.